ஒன்பதாம் எண் பஸ்ஸுக்குப் போன செய்தி

சிவநேசனின் கம்பெனி சுங்கைப்பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அவரையும் சேர்த்து மூன்று பேர்தான். பிரேமலா ஆறு வருடங்களாக அங்கே புரோகிராமர். தயாளன் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கிலாங். மருத்துவமனைகளுக்கான ரப்பர் குழாய்கள் செய்யும் தொழிற்சாலை அது. மெர்போக், பெண்டாங், கோத்தா கோலா மூடா பக்கங்களிலிருந்து பதினொரு பஸ்கள் அதற்கு ஆள் ஏற்றி வந்தன. எந்த பஸ், எந்த நிறுத்தம், எத்தனை மணி என்ற விவரத்தை ஒவ்வொரு தொழிலாளியின் கைப்பேசிக்கும் அனுப்புவது சிவநேசனின் கம்பெனி.

இதற்காக அவர்கள் சர்வர் எதுவும் வைத்திருக்கவில்லை. எல்லாமே கிளவுடில் கிடக்கும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. கூப்பிட்டால் எழுந்து அந்த வேலையைச் செய்துவிட்டு மறுபடி அடங்கிவிடும். ஒன்று பட்டியல் போடும். ஒன்று அறிவிப்பு அனுப்பும். இன்னொன்று, அனுப்பிய செய்தி எந்தக் கைப்பேசியில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று குறித்து வைக்கும். பிரேமலா இவற்றை எழுதுவதும் மேலே ஏற்றுவதும் டெர்மினலில்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் நாற்பது வினாடியில் புதிய ஃபங்ஷன் வேலைக்கு வந்துவிடும்.

ஏற்றுவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. டெவ் என்பது ஒத்திகைக்கு. அங்கே அனுப்பும் செய்தி ஆபீஸில் இருக்கும் மூன்று பேருக்கு மட்டும் வரும். ப்ராட் என்பது நிஜம். அங்கே அனுப்பினால் தொழிலாளிகளுக்குப் போகும். டெர்மினல் விண்டோவில் ஒரு தடவை ப்ராட் என்று சொல்லிவிட்டால், அந்த விண்டோவை மூடும் வரைக்கும் அடிப்பதெல்லாம் ப்ராடுக்குத்தான் போகும்.

தயாளனுக்கு இன்னும் சொந்தக் கணக்கு இல்லை. திறந்து கொடுக்க வேண்டியவள் பிரேமலா. டெவ்வில் மட்டும் கை வைக்கிற மாதிரி அனுமதிகளைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அரை நாள் வேலை. மூன்று வாரமாக அது அவளுடைய பட்டியலில் நான்காவதாகவே இருந்தது. அதுவரைக்கும் அவன் ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் அவளுடைய லேப்டாப்பில் உட்கார்ந்து ஏற்றுவான்.

அது ஒரு வியாழக்கிழமை. காலையில் ப்ராடில் ஒரு சின்னத் திருத்தம் செய்துவிட்டு, மதியம் இரண்டரைக்கு பிரேமலா பல் டாக்டரிடம் கிளம்பினாள். சிவநேசன் அலோர் ஸ்டாரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

"அக்கா, அந்த அறிவிப்பு ஃபங்ஷன் முடிச்சிட்டேன். டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்று அவள் கிளம்பும்போது கேட்டான் தயாளன்.

"என் லேப்டாப்லயே பண்ணிடு. திறந்துதான் இருக்கு."

அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். விண்டோ திறந்திருந்தது. ஏற்றும் வரியை அடித்தான். பத்துப் பன்னிரண்டு வரிகள் ஓடின. மூன்றாவது வரியில் ப்ராட் என்று இருந்தது. கடைசி வரி 'முடிந்தது' என்று பச்சையில் வந்தது, அவன் அதைத்தான் பார்த்தான். பிறகு ஒன்பதாம் எண் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். டெவ்வில் ஒன்பதாம் எண் குழு என்றால் மூன்று பேர். 'எசோக் பாகி தியாடா பாஸ்' என்று மலாயில் ஒரு வரி, கீழே தமிழில் 'நாளை காலை பஸ் இல்லை' என்று ஒரு வரி. இரண்டு மொழியும் சரியாக வருகிறதா என்று பார்க்க மனதில் தோன்றியதை எழுதினான்.

மணி மூன்று நாற்பத்தொன்று. அவனுடைய கைப்பேசி அசையவில்லை.

இரண்டு நிமிடம் பார்த்தான். எங்கோ தவறு போலிருக்கிறது என்று நினைத்து அதே வரியை மறுபடி அனுப்பினான். அப்போதும் அசையவில்லை. ஃபங்ஷனைத் திறந்து எங்கே பிழை என்று தேட ஆரம்பித்தான். பிழை எதுவும் கிடைக்கவில்லை.

நாலு மணி தாண்டி ஆபீஸ் போன் அடித்தது. கூப்பிட்டவர் காளிதாசன். மெர்போக்கிலிருந்து ஆள் ஏற்றி வரும் ஒன்பதாம் எண் பஸ்ஸின் டிரைவர்.

"தம்பி, நாளைக்கு என் பஸ் இல்லையாம், எனக்கே மெசேஜ் வருது. ஓட்டுறவன் நான், எனக்குத் தெரியாம எப்படி லா?"

தயாளன் போனைக் காதில் வைத்தபடியே திரையில் மேலே போய்ப் பார்த்தான். மூன்றாவது வரி அங்கே இருந்தது.

"எத்தன பேருக்கு வந்திருக்குண்ணே?"

"பஸ்ல உள்ள எல்லாருக்கும் வந்திருக்கு. நாப்பத்தொரு பேர். எனக்குப் போன் மேல போன்."

அவன் பிரேமலாவைக் கூப்பிட்டான். ஏழு தடவை கூப்பிட்டான். அவளுடைய கைப்பேசி சத்தமில்லாமல் கைப்பையில் இருந்தது. திருத்தம் அனுப்ப அவனால் முடிந்திருக்கும், வரி அதேதான். ஆனால் இன்னொரு தடவை அந்த விண்டோவில் எதையும் அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டான்.

பிரேமலா ஐந்து பத்துக்கு வந்தாள். பாதி முகம் மரத்துப் போயிருந்தது. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, ஐந்து இருபதுக்குத் திருத்தத்தை அனுப்பினாள். நாளை பஸ் வழக்கம்போல் வரும், முன்னால் வந்த செய்தி தவறு, மன்னிக்கவும். பிறகு அந்த விண்டோவை மூடினாள்.

"அக்கா, பாஸ்கிட்ட என் பேரைச் சொல்லிடாதீங்க. இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு."

 வாய் வலித்தது. லாகைத் திறந்து பார்த்தாள். எப்போது, யார் அனுப்பியது என்று லேப்டாப் தானே குறித்து வைத்திருந்தது: மூன்று நாற்பத்தொன்று, மூன்று நாற்பத்துமூன்று, அனுப்பியவர் பிரேமலா. அவளுடைய கணக்கு, அவளுடைய பெயர்.

"விண்டோவை மூடாம போனது நான்," என்றாள் கடைசியில். "உனக்குக் கணக்குத் திறந்து குடுக்காததும் நான்தான். சரி விடு."

தவறான செய்தி போனதைப் பிரேமலா போனில் சொன்னதும், அன்று சாயங்காலமே சிவநேசன் அலோர் ஸ்டாரிலிருந்து கிலாங்குக்குப் பேசினார். தொலைபேசி லைனில் ஏதோ பிரச்சினை, பழைய செய்தி தானாகப் போய்விட்டது என்றார். அதையே மின்னஞ்சலிலும் எழுதினார். ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதாம் எண் பஸ்ஸில் முப்பத்தாறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. அவர்களில் நான்கு பேருக்கு ஆண்டு விடுப்பான சூத்தி மிச்சம் இருந்தது, அதில் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த புதன்கிழமை காளிதாசன் மாடியேறி வந்தார். பஸ்ஸில் வைத்திருந்த டேப்லட் உறைந்துபோயிருந்தது. பிரேமலா அதை அணைத்துத் திறந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"அன்னைக்கு மெசேஜ் வந்துச்சே, அதுல என் பஸ்ல வர்ற அழகம்மாவுக்குச் சுராட் குடுத்துட்டாங்க தங்கச்சி."

"என்ன சுராட்?"

"எச்சரிக்கைக் கடிதம். மூணாவது தடவை சொல்லாம நின்னுட்டாங்களாம். முன்ன ரெண்டு தடவை மவனுக்குக் காய்ச்சல்னு நின்னது, டாக்டர்கிட்ட வாங்குற எம்சி இல்ல. இந்த மாசம் நிரந்தரமாக்குற பட்டியல்ல அவங்க பேரு இருந்துச்சு. இனி எங்க?"

"மெசேஜ் வந்ததுன்னு சொல்லலியா?"

"சொன்னாங்க. போனைக் காட்டுன்னாங்க. காட்டினா, திருத்தமும் அதுலயே இருக்கு, அஞ்சு இருபதுன்னு போட்டு. முதல் நாளே சொல்லியாச்சே, பின்ன ஏன் வரலன்னு கேக்குறாங்க."

காளிதாசன் போன பிறகு பிரேமலா டெர்மினலைத் திறந்தாள். செய்தி போய்ச் சேர்ந்த நேரங்களைக் குறித்து வைக்கும் ஃபங்ஷனின் பதிவுகளில் அழகம்மாவின் எண்ணைத் தேடினாள். முதல் செய்தி அனுப்பிய நிமிடமே சேர்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். திருத்தம் மட்டும் அப்படி இல்லை. மறுநாள் தேதி போட்டு 03:52 என்று இருந்தது. கிளவுடின் கடிகாரம் மலேசியாவுக்கு எட்டு மணி நேரம் பின்னால் ஓடுவது. எட்டைக் கூட்டினால் காலை பதினொன்று ஐம்பத்திரண்டு. பஸ் போய் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு.

தயாளன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.  

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பிரேமலா மெர்போக் பக்கம் காரை ஓட்டிக்கொண்டு போனாள். பதிவில் இருப்பது சரிதானா என்று நேரில் பார்க்க நினைத்தாள். காளிதாசன் வழி சொல்லியிருந்தார். சாலை பிரியும் சிம்பாங்கில் ஒரு மளிகைக்கடை, அதிலிருந்து இடதுபக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே தார் போடாத பாதை. கடை வரைக்கும் கைப்பேசியில் லைன் இருந்தது. பாதையில் திரும்பி இருநூறு மீட்டர் போனதும் ஒன்றுமில்லை.

அழகம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது இருக்கும். கிலாங்கின் நீலச் சட்டையோடு வாசலில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிலாங்குலேர்ந்தா வரீங்க?"

"இல்லக்கா. அந்த மெசேஜ் அனுப்புற கம்பெனிலேர்ந்து."

"அப்ப நீங்கதானா," என்றாள் அழகம்மா. கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. கையை உதறிவிட்டு உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்து வந்தாள். மூன்று செய்திகளும் அதில் இருந்தன. திருத்தத்தின் பக்கத்தில் ஐந்து இருபது என்றுதான் இருந்தது. எப்போது அனுப்பியது என்பதைத்தான் போன் காட்டியது, எப்போது வந்தது என்பதை அல்ல.

"இது எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"மறுநாள் கடைக்குப் போனேன் பாருங்க, அங்க. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. இங்க லைன் இல்ல. சாயங்காலம் கடைல மீன் வாங்கறப்ப முதல் மெசேஜ் வந்துச்சு. ஒரு தடவை வந்திருந்தா யோசிச்சிருப்பேன் தங்கச்சி. ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவை சொல்றாங்கன்னா நிச்சயம்தானேன்னு வீட்டுக்கு வந்துட்டேன்."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாரும் இதத்தான் சொல்றாங்கன்னு சொன்னாங்க."

அழகம்மா மறுபடி மீன் சட்டியருகே குனிந்தாள். கேட்காத ஒன்றைத் தானாகச் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பஸ் இல்லன்னு. காலைல ஏழு மணி வரைக்கும் படுத்திருந்தேன். மவனோட உக்காந்து பசியாறினேன். அதான் அந்த ஆபீஸர் கேக்கறப்ப எனக்குச் சரியாப் பேச வரல. வேணும்னே நின்ன மாதிரி எனக்கே தோணிடுச்சு."

பிரேமலா அந்த மூன்று செய்திகளையும் படம் எடுத்துக்கொண்டாள். காப்பி குடிக்கச் சொன்னதற்கு, பல் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை சிவநேசனின் மேசையில் இரண்டு பக்கங்களை வைத்தாள்.

"அண்ணே, இதை நான் கிலாங்ல கொண்டுபோய்க் குடுக்கணும்."

அவர் படித்தார். மேலே 'அனுப்பியவர்: பிரேமலா' என்று இருந்ததில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"நான் லைன் பிரச்சினைன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"தெரியும்ணே."

"இதக் குடுத்தா, பொய் சொன்னேன்னு ஆகும். இன்னும் நாலு வாரத்துல ஒப்பந்தம். பதினொரு பஸ். அது போனா நமக்கு மிச்சம் என்ன இருக்கு, சொல்லு?"

"ஒண்ணும் இல்ல."

"அந்தம்மாவுக்கு வேற எப்படியாவது சொல்லிப் பாப்போம். நான் போன் பண்ணிப் பேசுறேன்."

"நீங்க பேசினா, லைன் பிரச்சினைன்னு திரும்பவும் சொல்லணும். திருத்தம் எப்ப சேர்ந்துச்சுன்னு அதுல தெரியாது. இதுல மட்டுந்தான் தெரியும்."

சிவநேசன் பக்கங்களைத் திருப்பி அவளிடம் தள்ளினார். "போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா நான் வரல."

அவள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கினாள். கிளம்பும்போது தயாளன் தலைநிமிராமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கதவு வரைக்கும் போனவள், அவன் கூப்பிடுவானோ என்று ஒரு நொடி நின்றாள். கூப்பிடவில்லை.

கிலாங்கில் தொழிலாளர் விவகாரங்களைப் பார்த்தவர் ரோஹாயா என்ற மலாய்ப் பெண்மணி, மரியாதையாகப் புவான் ரோஹாயா. நிதானமானவர். பேச்சு முழுவதும் மலாயில் நடந்தது. பிரேமலா முதலில் உண்மையைச் சொன்னாள்: லைனில் எந்தப் பிரச்சினையும் இல்லை, ஒத்திகைக்கு அனுப்பியது தவறுதலாக நிஜத்துக்குப் போய்விட்டது. பிறகு பக்கங்களை எடுத்து வைத்து, அழகம்மாவின் எண்ணுக்கு எதிரே இருந்த வரியைக் காட்டினாள்.

ரோஹாயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூன்று ஐம்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது. விடியற்காலை. பஸ் ஐந்தே முக்காலுக்கு. அப்படியென்றால் முன்னாலேயே வந்துவிட்டதே?"

"அது கிளவுடின் நேரம், புவான். எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். பக்கத்தில் எழுதியிருக்கிறேன்."

"பேனாவில் எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"நீங்கள் பேனாவில் எழுதியதை வைத்து நான் ஒரு கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. என்னுடைய இடத்தில் இருந்தால் நீங்களும் வாங்க மாட்டீர்கள்."

அது நியாயம்தான் என்று பிரேமலாவுக்குப் பட்டது. சற்று யோசித்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"புவான், உங்கள் கைப்பேசி எண்ணைச் சொல்ல முடியுமா? உங்களுக்கு மட்டும் இப்போது ஒரு செய்தி அனுப்புகிறேன். வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு இங்கே என்ன நேரம் பதிவாகிறது என்று பார்ப்போம்."

ரோஹாயா எண்ணைச் சொன்னார். நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பிரேமலா புதிய விண்டோ திறந்து, அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒரு குழு உண்டாக்கினாள். அனுப்பும் வரியை அடித்தாள். எண்டர் தட்டுவதற்கு முன் முதலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு தட்டினாள்.

கைப்பேசி மேசைமேல் ஒரு தடவை அதிர்ந்தது. ரோஹாயா சுவரைப் பார்த்தார். பத்து பதினான்கு.

பிரேமலா பதிவுகளைக் கூப்பிட்டாள். புதிய வரி ஒன்று வந்து நின்றது. ரோஹாயாவின் எண், சேர்ந்தது, 02:14.

ரோஹாயா விரலால் எண்ணினார். பிறகு, "அழகம்மாவுடையதை இதே திரையில் காட்டுங்கள். காகிதத்தில் வேண்டாம்," என்றார். பிரேமலா காட்டினாள். ரோஹாயா அதையும் எண்ணினார். பதினொன்று ஐம்பத்திரண்டு.

"இந்தப் பிரேமலா என்பது யார்? அனுப்பியவர் என்று இருக்கிறதே."

"நான்தான்."

"தவறு உங்களுடையதா?"

பிரேமலா கேள்வியை நேராக யோசித்துப் பார்த்தாள். விண்டோவைத் திறந்து வைத்துவிட்டுப் போனவள் யார், கணக்கைக் கொடுக்காமல் மூன்று வாரம் தள்ளியவள் யார். வரியை அடித்தது மட்டும்தான் அவள் இல்லை.

"என்னுடைய கணக்கிலிருந்து போனது. பொறுப்பு என்னுடையது," என்றாள்.

ரோஹாயா அதற்குமேல் கேட்கவில்லை. சிவநேசன் அனுப்பிய மின்னஞ்சலைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அதை அச்செடுத்து இந்தப் பக்கங்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார். பிரேமலா அதைப் பார்த்தாள்.

மூன்று நாள் கழித்து அழகம்மாவின் எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நிரந்தரமாக்கும் பட்டியல் முந்தின வாரமே மேலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த பட்டியல் வருட இறுதியில்தான். காளிதாசன் போனில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அவங்க என்ன சொன்னாங்கண்ணே?"

"என்ன சொல்வாங்க, தாக் அப்பா, பரவாயில்லன்னாங்க. சுராட் போனதே பெருசுன்னாங்க."

கிலாங் சிவநேசனைக் கூப்பிட்டு அனுப்பியது. ஒரு மணி நேரம் உள்ளே இருந்தார். ஒப்பந்தம் கைவிட்டுப் போகவில்லை. இனிமேல் எந்த அறிவிப்பாக இருந்தாலும் கிலாங்கின் மேற்பார்வையாளர் ஒருவர் சரி என்று தட்டிய பிறகே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு, இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் என்று குறைந்தது. ஆபீஸுக்குத் திரும்பியவர் பிரேமலாவின் மேசையைத் தாண்டிப் போனார். அடுத்த இரண்டு வாரம் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். அவளும் அப்படியே பேசினாள்.

அந்த நாட்களில் அவள் தயாளனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். டெவ் மட்டும். கூடவே ஏற்றும் வரியையும் மாற்றினாள். ப்ராடுக்கு ஏற்ற வேண்டுமானால் அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவையும் கையால் அடிக்க வேண்டும், அடித்ததும் எத்தனை பேருக்குப் போகும் என்று எண்ணிக்கை காட்டிவிட்டுக் காத்திருக்கும். தயாளன் தன் கணக்கிலிருந்து முதல் தடவை ஏற்றியபோது லாகில் அவனுடைய பெயர் வந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது மாதக் கடைசியில் சிவநேசன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனவன் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

"பாஸ், அன்னைக்கு ஒன்பதாம் எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினது நான். அக்கா இல்ல."

"தெரியும்."

"அக்கா சொன்னாங்களா?"

"அவ உன் பேரைச் சொல்லல. ரெண்டரைக்குப் பல் டாக்டர்கிட்டப் போறேன்னு என்கிட்ட போன்ல சொல்லிட்டுத்தான் போனா. மூணு நாப்பத்தொண்ணுக்கு அவ வாயில மெஷின் இருந்திருக்கும். ஆபீஸ்ல வேற யார் இருந்தா?"

"அப்ப ஏன் பாஸ் என்னைக் கேக்கல?"

சிவநேசன் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். "நானும் அந்தச் சமயத்துல உண்மை சொல்லல. உன்னை எந்த வாயால கேக்குறது?"

தயாளனின் தகுதிகாண் காலத்தை மேலும் மூன்று மாதம் நீட்டினார். காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. தயாளன் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

"சொல்லிட்டேன்க்கா," என்றான் பிரேமலாவின் மேசையருகே நின்று.

"என்ன?"

"அன்னைக்கு நான்தான்னு."

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கிலாங்குக்குக் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை காலையில் சொல்லியிருக்கலாம் என்று வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"சரி. டெவ்ல பழைய ஃபங்ஷன் நாலு சும்மா கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள நீக்கிடு. பேரைப் பாத்து நீக்கு."

"பாத்துதான்க்கா."

வருடம் முடிந்து ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டியல் போடும் ஃபங்ஷன் பாதியில் நின்றது. பிரேமலாவின் திரையில் பிழைச் செய்தி வந்தது: தொழிலாளி எண்ணைப் புரிந்துகொள்ள முடியவில்லை. லாகைத் திறந்து பார்த்தாள். ஒப்பந்தத் தொழிலாளிகளின் எண்கள் கே என்ற எழுத்தில் தொடங்கும், அவளுடைய நிரல் அதை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்பட்டது. ஒன்பதாம் எண் பஸ்ஸில் முதல் தடவையாக ஓர் எண் டி என்ற எழுத்தில் தொடங்கியிருந்தது. நிரந்தரமானவர்களுக்குக் கிலாங் கொடுக்கும் எழுத்து அது. எதிரே பெயர் இருந்தது. அழகம்மா.

அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தயாளனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நினைத்தாள். அவன் சாப்பிடப் போயிருந்தான். ஐந்து மணிக்குள் நாற்பத்தொரு பேருக்கும் பட்டியல் போயாக வேண்டும்.

நிரலைத் திறந்து, டி என்ற எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரியைத் திருத்தினாள். டெவ்வில் ஏற்றிப் பார்த்தாள். கைப்பேசி அதிர்ந்தது. சரியாக இருந்தது.